போல் ஹேர்மன் முல்லர் (1899 – 1965)

சீலைப்பேன் உடை மடிப்புகளில் தங்கி மனித இரத்தத்தை உறிஞ்சி வாழும் பூச்சியாகும். தைபசுக் காய்ச்சலைப் பரப்புவது இதுவே என 1909 இல் சார்ள்ஸ் நிக்கோல் கண்டறிந்தார். (தைபசு வேறு, நெருப்புக்காய்ச்சல் எனப்படும் தைபோயிட்டு வேறு என்பதை மனங்கொள்க.) போர்க்காலங்களில் உடை மாற்ற வழியற்ற படைவீரரும் அகதிகளும் இந்நோயால் பெருந்தொகையாக மாண்டனர். சீலைப்பேனை ஒழிக்க உதவிய டி.டி.ரி. யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தவர் முல்லர் ஆவார்.

இவர் 1899 ஜனவரி 12 இல் சுவிற்சர்லாந்தின் ஒல்ரன் நகரிற் பிறந்தார். 1925 இல் இரசாயனவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்று, பாசல் நகரிலுள்ள கெய்கி நிறுவனத்திற் சேர்ந்தார். 1935 முதல் பூச்சிகொல்லி ஆய்வில் ஈடுபட்டார். கூட்டினுள் ஈக்களை விட்டு, நூற்றுக்கணக்கான சேர்வைகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். 1939 இல் டி.டி.ரி. ஈக்களைக் கொன்றது. கூட்டைக் கழுவிய பின்னரும் அதன் சுவரைத் தொட்ட ஈக்கள் வீழ்ந்தன. இச்சேர்வை 1874 இலேயே ஆக்கப்பட்டிருந்தும் அதன் ஆற்றலை எவரும் அறிந்திருக்கவில்லை.

பேன்பொடி பேனைக் கொல்ல வேண்டும். அணிபவருக்குத் தீங்கு செய்யவும் கூடாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் விலங்குகளிலும், தாமாக முன்வந்த மனிதரிலும் பொடிகள் பரிசோதிக்கப்பட்டன. எண்ணெயிற் கரைத்த டி.டி.ரி. தோலினூடாக உட்செல்லும் என்பதும், உலர்பொடி எளிதில் உட்செல்லாது என்பதும் தெரியவந்தன. ஒருமுறை தூவிய பொடி வாரக்கணக்கிற் பயன் தந்தது. 1943 – 44 மாரியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிற் பரவிய தைபசு, டி.டி.ரி. உள்ளிட்ட பொடிகளைப் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரின் உடைகளுட் தூவியதாற் கட்டுப்பட்டது.

மருத்துவரல்லாத முல்லருக்கு 1948 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1934 – 35 இல் மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேரை இழந்த இலங்கையில், வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டதன் பின் 1963 இல் 17 நோயாளரே பதிவாகினர்.

எனினும் அழியாது நீடிக்கும் அதே இயல்பு தீமையும் ஆயிற்று. டி.டி.ரி. உணவுச் சங்கிலியினூடாகச் செறிந்து பறவைகளைப் பாதித்தது. பேன்களும் நுளம்புகளும் எதிர்ப்பாற்றல் பெற்றன. 2001 இன் ஸ்ரொக்ஹோம் சமவாயம் இதன் பாவனையை நோய்காவிக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் வரையறுத்தது. உடனடியாகத் தீங்கு தராத பொருள் நெடுங்காலத்திலும் தீங்கற்றது எனக் கொள்ளலாகாது என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.

பயிற்சி வினாக்கள்
1. தைபசுக் காய்ச்சலைப் பரப்பும் பூச்சி எது?
2. பேன்பொடிக்கு இருக்கவேண்டிய இரு பண்புகள் யாவை?
3. டி.டி.ரி. யின் நீடிக்கும் இயல்பு நன்மையாகவும் தீமையாகவும் அமைந்தவாற்றை விளக்குக.