வேதநாயக சாஸ்திரியார்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைக் கீர்த்தனைகளால் நாம் அறிவோம். சபையோடு அவர் கொண்ட பிணக்கினை அறிந்தோர் சிலரே.

1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியிற் பிறந்த இவரைச் சுவார்ட்ஸ் ஐயர் இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி பயிற்றுவித்தார். பின்னர் அரசரான சரபோஜியும் அவ்வையரின் மாணாக்கரே. மராட்டிய அவையினர் விரும்பிய குறவஞ்சி வகையிலேயே சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றினார். எனினும், இந்துக் கடவுளர்மீது பாடுமாறு மன்னர் வேண்டியபோது உடன்பட்டிலர் என்பர்.

மன்னருக்கு இணங்காத இவர், குருமாருக்கும் இணங்கினாரல்லர். 1798-இல் சுவார்ட்ஸ் ஐயர் மறைந்தபின் வந்த குருமார், நற்கருணைப் பந்தியிற் சாதி வேற்றுமை கூடாதென்றனர். பெப்ரீசியுஸ் ஐயரின் பழைய வேதாகம மொழிபெயர்ப்பையும் மாற்றப் புகுந்தனர். இவ்விரண்டையும் சாஸ்திரியார் எதிர்த்தெழுதினார். பழகிய வேதமொழி பறிபோவதற்கு வருந்தியதை நாம் குறைகூறோம். ஆனால், ஒரே ஆலயத்தில் எளியோரைத் தனியே அமர்த்திய வழக்கத்தை இத்தகைய பக்தர் காத்து நின்றது நம் உள்ளத்தை வருத்துகின்றது. அவருக்கோ அது நாட்டொழுக்கமாகவே தோன்றிற்று. சுவார்ட்ஸ் ஐயரும் அதனைப் பொறுத்திருந்தாரன்றோ?

1833-இல் கல்கத்தா அத்தியட்சர் வில்சன் சாதியை அறவே விலக்கக் கட்டளையிட்டார். தஞ்சைச் சபை பிளவுற்றது; பலர் பின்னர் லுத்தரன் சபையைச் சார்ந்தனர். சாஸ்திரியார் 1864-இல், தொண்ணூறாம் வயதை எய்துமுன், இறைவனடி சேர்ந்தார்.