அந்த ரிச்சி வேற, இந்த ரிச்சி வேற!

ரிச்சி தெரு தெரியும்தானே? மவுண்ட் ரோடு பக்கத்தில், கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் கிடைக்குமே, அந்தத் தெரு. 2024 மே லீவில் மாமாவோடு திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, அங்கே போனேன். செகண்ட் ஹேண்ட் மதர்போர்டு, 4 ஜிபி ராம், எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க், ஒரு கேபினட். எல்லாம் வாங்கி வந்து கூடத்தில் பாய் விரித்து நாங்களே மாட்டினோம். அதில் டெபியன் 12 என்கிற லினக்ஸை சர்வராகப் போட்டோம். படம், பட்டன் எதுவும் வராது. கறுப்புத் திரை, மினுக் மினுக்கென்று ஒரு கோடு, அவ்வளவுதான். பாட்டியின் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருக்கிறோம்.

இன்ஸ்டால் ஆகும்போது மெஷினுக்கு ஒரு பெயர் கேட்கும. மாமா டிஎம்ஆர் என்று அடித்தார். யார் மாமா அது என்றேன். டென்னிஸ் மக்அலிஸ்டர் ரிச்சி என்றார். ஓ, ரிச்சி தெருவே இவர் பேரில்தானா என்று கேட்டுவிட்டேன்! மாமா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. தெருவுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்தத் தெருவில் வாங்கிய பெட்டிக்குள் இவர் இருக்கிறார். அவர் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டென்னிஸ் ரிச்சி 1941 செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவில் பிறந்தார். அப்பா பெல் ஆய்வகத்தில் விஞ்ஞானி. மகன் ஹார்வர்டில் இயற்பியல் படித்தார். அப்புறம் அங்கேயே பிஎச்டி ஆராய்ச்சி. 1968-ல் ஆய்வேட்டை முழுசாக எழுதி முடித்தும் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? பைண்டிங் செய்த பிரதியை அவர் ஒப்படைக்கவே இல்லை! ரெக்கார்ட் நோட் சப்மிட் பண்ணாமல் மார்க்கை விட்டவர்கள் நம் வகுப்பிலும் உண்டு. (பெயர் சொல்ல மாட்டேன்.)

1967-லேயே அவரும் பெல் ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டார். அங்கே மல்டிக்ஸ் என்ற பெரிய ஆபரேட்டிங் சிஸ்டம் வேலை நடந்தது. 1969-ல் நிர்வாகம் அதிலிருந்து விலகிக்கொண்டது. செய்து பார்த்த ருசி விடவில்லை. ஆனால் மெஷின் வாங்கப் பணம் தர மாட்டேன் என்கிறார்கள். நண்பர் கென் தாம்சன், அதிகம் யாரும் தொடாத பிடிபி-7 என்ற பழைய மெஷினைக் கண்டுபிடித்தார். செகண்ட் ஹேண்ட் போர்டு கதை அங்கேயும் உண்டு பாருங்கள்! அதில் 18 பிட் அளவுள்ள 8 ஆயிரம் சொற்களுக்குத்தான் இடம். எங்கள் வீட்டு 4 ஜிபியோடு ஒப்பிட்டால் அது ஒரு புள்ளிகூட இல்லை. அந்த இடுக்கில் தாம்சனும் ரிச்சியும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கியதுதான் யூனிக்ஸ். அடுத்த வருஷம் பிடிபி-11 என்ற புது மெஷின் கேட்டபோது, ஆபரேட்டிங் சிஸ்டம் என்று வாயே திறக்கவில்லை. ஆவணங்கள் டைப் அடிக்க வசதி செய்து தருகிறோம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். சொன்னபடி அதையும் செய்துகொடுத்தார்கள்.

இங்கேதான் ரிச்சியின் பெரிய வேலை வருகிறது. அந்தக் காலத்தில் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பெரும்பாலும் அந்தந்த மெஷினின் அசெம்பிளி மொழியில்தான் எழுதுவார்கள். மெஷின் மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். தாம்சன் பி என்று ஒரு மொழி வைத்திருந்தார். அதில் எழுத்து, எண் என்ற வித்தியாசமே கிடையாது, எல்லாம் ஒரே அளவு. பிடிபி-11 மெஷினோ பைட் பைட்டாகக் கணக்குப் பார்க்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. ரிச்சி அந்த மொழிக்குள் வகைகளைக் கொண்டுவந்தார். அது வளர்ந்து சி மொழி ஆனது. 1972-ல் யூனிக்ஸை சி-யில் எழுதப் பார்த்து தாம்சன் பாதியில் விட்டுவிட்டார். பல வகைத் தகவலை ஒரே கட்டாகக் கட்டிவைக்கும் ஸ்ட்ரக்ட் அப்போது மொழியில் இல்லை. ரிச்சி அதைச் சேர்த்தார். 1973-ல் யூனிக்ஸ் சி-யில் எழுதப்பட்டது. 1977 வாக்கில் ரிச்சியும் ஸ்டீவ் ஜான்சனும் சேர்ந்து, பிடிபி-க்குச் சம்பந்தமே இல்லாத இன்டர்டேட்டா 8/32 மெஷினில் யூனிக்ஸை ஓட வைத்துவிட்டார்கள். மெஷினோடு ஒட்டியிருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை இப்படித்தான் பிரித்தெடுத்தார்கள்.

லினக்ஸில் ரிச்சி எழுதிய வரி கிடையாது; 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் புதிதாகத் தொடங்கியது அது. ஆனால் மாதிரி யூனிக்ஸ், எழுதிய மொழி சி. நம் தரமணி சி-டாக் செய்த பாஸ் லினக்ஸுக்கு டெபியன்தான் அடிப்படை. மாமாவிடம் உள்ளங்கை அளவில் ராஸ்பெர்ரி பை என்று ஒரு போர்டு இருக்கிறது. அதன் சிப் வேறு வகை. அதிலும் இதே டெபியன், இதே கட்டளைகள்! சி-யில் எழுதியதை அந்தச் சிப்புக்கு ஏற்ற மாதிரி கம்பைல் செய்தால் போதும்.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. காலாண்டு லீவில் அப்டேட் செய்தோம். ஒரு ஃபைலில் புக்வர்ம் என்ற வார்த்தையை ட்ரிக்ஸி என்று மாற்றணும். (இரண்டும் டாய் ஸ்டோரி படத்துப் பொம்மைகளின் பெயர்!) அப்புறம் கட்டளை கொடுத்தால் நூற்றுக்கணக்கில் வரிகள் ஓடும். பாதியில் கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் அந்த பிளக்குக்கு வராது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பாட்டி இப்போது இல்லை; போட்டோவுக்கு வேறு காப்பியும் நாங்கள் எடுத்து வைக்கவில்லை. முக்கால் மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்ததும் மெஷின் எழுந்து பெயர் கேட்டது. விட்ட இடத்திலிருந்து முடிக்கச் சொல்ல டிபிகேஜி என்று ஒரு கட்டளை இருக்கிறது. மாமா அதைக் கொடுத்தார், மிச்சத்தையும் முடித்துவிட்டது. முதல் வேலையாக போட்டோ ஃபோல்டரைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. மறுநாளே பென் டிரைவில் இன்னொரு காப்பி எடுத்தாச்சு.

ரிச்சிக்கு 1983-ல் தாம்சனோடு சேர்த்து டூரிங் விருது கொடுத்தார்கள். 1978-ல் கெர்னிகனோடு அவர் எழுதிய சி புத்தகம் உலகம் முழுக்கப் போனது. கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர் வெறும் டிஎம்ஆர். அது அவருடைய லாகின் பெயர். 2007-ல் ஓய்வு பெற்றார். 2011 அக்டோபர் 12-ஆம் தேதி, தனியாக வாழ்ந்த வீட்டில் அவர் இறந்து கிடந்தது தெரிந்தது. வயது 70. ஒரு வாரம் முன்னால், அக்டோபர் 5-ல்தான் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார். எல்லாப் பேப்பரும் ஜாப்ஸைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதின, ரிச்சியைப் பற்றி வந்தது கொஞ்சம்தான். ஜாப்ஸின் மேக், ஐபோன் இரண்டுக்கும் உள்ளே இருப்பது யூனிக்ஸ் வம்சம் என்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஃபிரீபிஎஸ்டி செய்கிறவர்கள் மறக்கவில்லை. 2012 ஜனவரியில் வந்த 9.0 பதிப்பை அவர் நினைவுக்கு அர்ப்பணித்தார்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய மதர்போர்டு சும்மா கிடந்தால் சொல்லுங்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் 11-பி வகுப்பு வாசலில் இருப்பேன். இன்ஸ்டால் பண்ணும் பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது.