கம்பத்தில் ஜெயித்த ஒற்றை ஆள்



சின்னமனூர்ப் பக்கம் எங்க மாமா வீட்டுக்குப் போனால், பி.டி.ராஜன் கால்வாயில் தண்ணி விட்டாச்சா என்பதுதான் எப்பவும் பேச்சு. அவர் யாரு மாமான்னு கேட்டேன். பெரிய வக்கீல், மந்திரியா இருந்தவருன்னு சொல்லிட்டு மம்பட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டார். அதனால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர்தான். 1892-ல் உத்தமபாளையத்தில் பிறந்தார். முழுப்பெயர் பொன்னம்பல தியாகராஜன். கப்பலில் இங்கிலாந்து போய் ஆக்ஸ்போர்டில் வரலாறும் சட்டமும் படித்து பாரிஸ்டர் ஆனார். 1920-ல் நீதிக்கட்சி சார்பில் சென்னை சட்டசபைக்குப் போனார். 1930-ல் மந்திரி. 1936-ல் முதல் மந்திரி பொப்பிலி ராஜா ஐரோப்பா போனபோது, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இவரே முதல் மந்திரி. அப்போது சென்னை மாகாணம் என்றால் ஆந்திராவும் மலபாரும் சேர்ந்தது!

அடுத்த வருசமே எல்லாம் தலைகீழ். 1937 தேர்தலில் 215 இடங்களில் நீதிக்கட்சிக்குக் கிடைத்தது 18 தான். 1944-ல் சேலம் மாநாட்டில் பெரியார் கட்சியின் பெயரையே திராவிடர் கழகம் என்று மாற்றினார். இனி தேர்தல் வேண்டாம் என்பது பெரியார் வழி. ராஜன் அந்தப் பக்கம் போகவில்லை. மிஞ்சிய சிலரோடு பழைய தராசுக் கொடியையே பிடித்துக்கொண்டார்.

இவர் சாமி கும்பிடுகிறவரும்கூட. 1950-ல் சபரிமலைக் கோயில் தீப்பிடித்த பிறகு வைத்த ஐம்பொன் ஐயப்பன் சிலை, இவரும் நாடகக்காரர் நவாப் ராஜமாணிக்கமும் செய்து கொடுத்தது. கார்த்திகையில் நம்ம ரோட்டு வழியாப் போகிற சாமிமாரில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

1952 தேர்தலில் நீதிக்கட்சி 9 இடங்களில் நின்றது. எட்டில் தோல்வி. ஜெயித்தவர் ராஜன் ஒருத்தர்தான், அதுவும் நம்ம கம்பம் தொகுதியில்! ஒரு காலத்தில் ஆட்சி நடத்திய கட்சிக்குச் சபையில் ஒற்றை ஆள். முதல் மந்திரியா இருந்ததைவிட இதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. எங்க வரலாறு சார் அதை வெறும் பிடிவாதம் என்கிறார். 1957-ல் அவரும் தோற்றார். கட்சியும் அதோடு முடிந்தது. 1974-ல் காலமானார்.

போன வாரம் மாமாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். அந்த 1952-ல எங்க கொள்ளுத்தாத்தாவும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாராம். இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல!

– ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு