ஜெயிச்ச பிறகும் புரூஸ் லீ ஏன் சந்தோஷப்படலை?

1964-ம் ஆண்டின் கடைசி. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் ஒரு சின்ன குங்ஃபூ பயிற்சிக்கூடம். அதை நடத்திக்கொண்டிருந்த புரூஸ் லீயும், வாங் ஜாக் மேன் என்ற இன்னொரு குங்ஃபூ வீரரும் அங்கே மோதினார்கள். சண்டை எப்படி முடிந்ததுன்னு ரெண்டு தரப்பும் வேற வேற கதை சொல்றாங்க. மூணே நிமிஷத்தில் எதிராளியை மடக்கிட்டார் என்பது லீ தரப்பு.

ஜெயிச்சாச்சு. ஆனா, லீக்கு அதில் சந்தோஷமே இல்லை. காரணம், அவருக்கு மூச்சு வாங்கியது. எதிராளி நகர்ந்து நகர்ந்து போனபோது, அவர் கற்றிருந்த விங் சுன் அடிகள் சரியாகப் போய்ச் சேரவில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 1940-ல் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்தவர் லீ. அப்பா மேடை நடிகர். டீன் ஏஜில் தெருச்சண்டைக்குப் போய்க்கொண்டிருந்த பையன், இப் மேன் என்ற குருவிடம் விங் சுன் கற்றார். எதிராளியை ஒட்டி நின்று போடும் கலை அது. 1958-ல் சா சா நடனத்தில் ஹாங்காங் சாம்பியனும் ஆனார்!

அப்படி குருவிடம் கற்ற கலையில் குறை தெரிஞ்சா என்ன செய்வீங்க? குருவைக் குறை சொல்லலாம். இல்லைன்னா கண்ணை மூடிக்கலாம். லீ ரெண்டையும் செய்யலை. ஒரு நோட்டை எடுத்து, தன்னையே கணக்கெடுத்தார்.

தம் பிடிக்க முடியலையா? தினமும் ஓட்டம், ஸ்கிப்பிங், சைக்கிள். கால் வேகம் வேணுமா? முகமது அலியின் குத்துச்சண்டைப் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். வாள் சண்டை வீரர்களைப் போல, பலமான கையை முன்னால் வைத்து நின்றார். தன் உடம்புக்கு உதவுவதை வைத்துக்கொண்டார், மற்றதை விட்டுவிட்டார். இப்படி உருவானதுதான் 1967-ல் அவர் பெயர் வைத்த 'ஜீத் குன் டோ'. வரும் அடியை வழியிலேயே மறிக்கும் முறை.

1970-ல் எடையைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிரும்போது முதுகு நரம்பில் பலத்த அடி. இனி உதைக்கவே முடியாது என்றார்கள் டாக்டர்கள். வீட்டில் குழந்தைகள் ரெண்டு, கையில் பணம் இல்லை. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர், தன் பயிற்சிக் குறிப்புகளை எழுதி எழுதி நோட்டுகளை நிரப்பினார். பிறகு மெல்ல மெல்ல எழுந்தார். மறுவருஷமே 'தி பிக் பாஸ்' வெளியானது. திரையில் அந்த உதைகளைப் பார்த்த யாருக்கும் முதுகு வலி தெரியலை. ஆனா அந்த வலி கடைசிவரை அவரை விடவில்லை.

அதே 1970-ல் இன்னொன்றும் செய்தார். மூன்று ஊர்களில் இருந்த தன் பள்ளிகளை மூடிவிட்டார். தனக்காகத் தைத்த சட்டையை மாணவர்கள் யூனிஃபார்மாகப் போட்டுக்கொள்வதை அவர் விரும்பவில்லை.

1973 ஜூலை 20-ல், 32 வயதில் இறந்தார். 'என்டர் தி டிராகன்' வெளியாகச் சில வாரங்களே இருந்தன.

நீங்க சிலம்பம் கத்துக்கலாம், கராத்தே கத்துக்கலாம். மாஸ்டர் சொல்வதை முதலில் ஒழுங்காகக் கத்துக்கோங்க. லீயும் அப்படித்தான் ஆரம்பித்தார். அப்புறம், எங்கே மூச்சு வாங்குது, எந்த அடி போய்ச் சேரலைன்னு ஒரு நோட்டில் எழுதுங்க. உங்க பயிற்சி அந்தப் பக்கத்தில் இருந்துதான் தொடங்கும்.