குரலைப் பெருக்கிய பீட்டர் ஜென்சன்

1919-ம் ஆண்டு, செப்டம்பர் 19-ந் தேதி. அமெரிக்காவில் சான்டீகோ நகரத்து விளையாட்டு மைதானம். சுமார் 50 ஆயிரம் பேர் திரண்டிருந்தார்கள். ஜனாதிபதி உட்ரோ வில்சன் பேச வருகிறார்!

வில்சனுக்கோ உடல்நலம் சரியில்லை. சர்வதேச சங்கத்துக்கு ஆதரவு தேடி ஊர் ஊராகச் சுற்றி, களைத்துப் போயிருந்தார். 50 ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி கத்த அவரால் எப்படி முடியும்?

மேடை மேல் ஒரு கண்ணாடிக் கூண்டு கட்டியிருந்தார்கள். அதற்குள் நின்று அவர் பேசினார். அந்தக் குரல், கூம்புக் குழாய்களின் வழியாக மைதானம் முழுவதும் முழங்கியது. அதற்கு முன்பு எந்த அமெரிக்க ஜனாதிபதியின் குரலும் அப்படிப் பெருகி ஒலித்தது இல்லை. (இரண்டு வாரத்துக்குள் வில்சன் பக்கவாதத்தில் படுத்துவிட்டார்.)

அந்தக் குழாய்களை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர், எட்வின் பிரிதாம் என்ற அமெரிக்க எஞ்சினீயர். மற்றவர், டென்மார்க்கில் இருந்து கடல் கடந்து வந்த பீட்டர் லாரிட்ஸ் ஜென்சன்.

தீவில் பிறந்தவர்

டென்மார்க்கில் ஃபால்ஸ்டர் என்று ஒரு தீவு. ஜென்சன் அங்கே 1886-ம் ஆண்டில் பிறந்தார்.

1903-ல், வால்டமார் பவுல்சன் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சிக் கூடத்தில் பயிற்சியாளாகச் சேர்ந்தார். பவுல்சன் லேசான ஆள் அல்ல. இரும்புக் கம்பியில் குரலைப் பதிவு செய்து காட்டியவர். கம்பி இல்லாத் தந்தியில் "டக், டக்" என்ற ஓசை மட்டும் போய்க் கொண்டிருந்த காலத்தில், பேச்சையும் பாட்டையும் அனுப்பப் பாடுபட்டவர். அவரிடம் ஜென்சன் தொழில் கற்றுக்கொண்டார்.

பவுல்சனின் கருவியை அமெரிக்காவில் நிறுவ ஆள் தேவைப்பட்டது. ஜென்சன் 1909-ல் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தார். அங்கேதான் பிரிதாமின் சிநேகம் கிடைத்தது. ரிச்சர்டு ஓ'கானர் என்பவர் பணம் போட முன்வந்தார். 1911-ல் நாபா என்ற சிற்றூரில், ஒரு சிறு வீட்டில் இவர்களின் ஆராய்ச்சி தொடங்கியது.

தகடா? சுருளா?

அந்தக் காலத்து டெலிபோனில் காதில் வைக்கும் பகுதிக்குள் ஒரு மெல்லிய இரும்புத் தகடு இருக்கும். அதன் பின்னால் காந்தம். மின்சாரம் கூடிக் குறையும்போது, காந்தம் தகட்டை இழுக்கும், விடும். தகடு அதிரும். ஒலி பிறக்கும்.

இதில் ஒரு குறை. தகட்டின் விளிம்பு இறுக்கிப் பிடிக்கப்பட்டு இருக்கிறது. அதிகமாக இழுத்தால் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அது மயிரிழை அளவுதான் அசைய முடியும். ஒலியும் மெலிந்துதான் வரும்.

ஜென்சனும் பிரிதாமும் வேறு வழியில் போனார்கள். பலமான காந்தத்தின் இடுக்கில், ஒரு கம்பிச் சுருளை எதிலும் படாமல் தொங்க விட்டார்கள். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது முன்னும் பின்னும் ஓடியது. அதோடு இணைத்த தகடும் ஓடியது. முட்டிக்கொள்ள எதுவும் இல்லை!

இந்த யோசனை இவர்களுக்கு முன்பே இருந்தது உண்மை. ஜெர்மனியில் சீமென்ஸ் 1870-களிலும், இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் 1898-லும் இதற்கு உரிமை வாங்கியிருந்தார்கள். ஆனால் நடைமுறைக்கு உதவும் கருவியாக அதை யாரும் செய்து முடிக்கவில்லை.

ஜென்சன் அதைப் புதிய டெலிபோன் என்றே நினைத்தார். டெலிபோன் கம்பெனியிடம் காட்டினார்கள். பெரிதாக இருக்கிறது, வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. பல வருட உழைப்பு வீண்தானா?

ஊளையிட்ட குழாய்

ஓ'கானரின் உறவினர் ஒருவர் இதைக் கேட்டுப் பார்த்தார். இவ்வளவு உரக்கப் பேசும் கருவியைக் காதில் வைப்பானேன், கூட்டத்தின் முன் வைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதுதான் திருப்பம்.

1915-ம் ஆண்டு. ஒரு கிராமபோன் குழாயைக் கருவியோடு பொருத்தி, மின்சாரத்தைப் போட்டார்கள். காது கிழிய ஒரே ஊளை! குழாயில் வந்த ஒலி மைக்குக்குள் புகுந்து, மறுபடி குழாயில் பெருகி, மறுபடி மைக்குக்குள் புகுந்தது. இன்றும் கூட்டங்களில் மைக் "கீ" என்று கத்துகிறதே, அதே கதைதான்.

குழாயைக் கூரை மேல் ஏற்றினார்கள். பிரிதாம் உள்ளே இருந்து பேசினார். ஜென்சன் நடந்துகொண்டே கேட்டார். ஒரு மைல் தூரம் போன பிறகும் குரல் தெளிவாகக் கேட்டது!

கருவிக்கு "மாக்னவாக்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் மொழியில் "பெருங்குரல்" என்று பொருள். அந்த ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்திய நாள், சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் பல்லாயிரம் பேர் அதைக் கேட்டார்கள். 1917-ல் மாக்னவாக்ஸ் கம்பெனி பிறந்தது. இரண்டு ஆண்டில், வில்சனின் கூட்டம்.

குழாய் போய், கூம்பு வந்தது

பேச்சுக்குக் குழாய் போதும். சங்கீதத்துக்குப் போதவில்லை. பெரிய முரசின் "தும்" என்ற அடியை அந்தக் குழாயால் தர முடியவில்லை.

காரணம் எளிது. மெல்லிய ஒலிக்குக் காற்றை வேகமாக, கொஞ்சமாக அசைத்தால் போதும். கனத்த ஒலி மெதுவாக அதிர்வது. அதற்குக் காற்றை நிறையத் தள்ள வேண்டும். விசிறியை மெதுவாக வீசுகிறவர், நீளமாக வீசினால்தானே காற்று வரும்?

கணக்கும் உண்டு. வினாடிக்கு 80 தடவை அதிரும் ஒலிக்கு ஒரு கூம்பு 1 மில்லிமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பலத்தில் 40 தடவை அதிரும் ஒலிக்கு 4 மில்லிமீட்டர் ஓட வேண்டும். 20 தடவைக்கு 16 மில்லிமீட்டர்! ஒலி இறங்க இறங்க, ஓட்டம் நாலு மடங்காக ஏறும்.

1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் குழாயையே கழற்றிப் போட்டார்கள். சுருளோடு பெரிய காகிதக் கூம்பை இணைத்து, அதன் விளிம்பை மிருதுவாகப் பிடித்து, தாராளமாக ஓட விட்டார்கள். கனத்த ஒலி வந்துவிட்டது.

அதே ஆண்டில் ஜென்சன், தாம் வளர்த்த மாக்னவாக்சை விட்டு வெளியேறினார். வயது 39. இன்னொருவராக இருந்தால் பழைய பெருமையைப் பேசிக்கொண்டு இருந்திருப்பார். ஜென்சன் 1927-ல் தம் பெயரிலேயே புதிய கம்பெனி தொடங்கினார். குழாயால் புகழ் பெற்றவர், கூம்பு ஒலிபெருக்கி செய்ய இறங்கிவிட்டார்! கம்பெனி பிறகு சிகாகோவுக்குப் போனது.

இன்றைய சப்வூஃபர்

இன்று வீடுகளில் பாட்டும் சினிமாவும் கேட்க வைக்கும் சப்வூஃபரின் உள்ளே இருப்பதும் காந்தம், சுருள், கூம்புதான். ஓட்டம்தான் நீண்டுவிட்டது. சிலவற்றில் கூம்பு முன்னும் பின்னுமாக ஓர் அங்குலத்துக்கு மேல் ஓடுகிறது.

அவ்வளவு தூரம் ஓடினாலும் சுருள் காந்தத்தின் பிடியை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் ஒலி உடையும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, குட்டையான இடுக்கில் நீளமான சுருள். செலவு குறைவு, ஆனால் சுருள் கனம், சூடும் வீண். மற்றது, நீளமான இடுக்கில் குட்டையான சுருள். ஒலி சுத்தம், ஆனால் பெரிய காந்தம் வேண்டும், விலை ஏறும். பெரும்பாலும் கடைக்கு வருவது முதல் வகையே.

கூம்புக்குக் காகிதம் இன்னும் தோற்கவில்லை. லேசானது, விறைப்பானது. ஈரம் மட்டும் ஆகாது. பிளாஸ்டிக்குக்கு ஈரத்தால் கெடுதல் இல்லை; ஆனால் விறைப்புக் குறைவு. அலுமினியம் நல்ல விறைப்பு. மெல்லிய ஒலியில் கிண்ணம் போலக் கணகணக்கும்; கனத்த ஒலியில் அந்தத் தொல்லை இல்லை.

சீக்கிரம் கெடுவது ஓரப்பட்டை. ஃபோம் பட்டை லேசாக ஓடும். சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் கனம், நீண்ட நாள் உழைக்கும். உள்ளே சுருளை நடுவில் பிடிக்கும் துணி வளையத்தை ரிப்பேர்காரர்கள் "ஸ்பைடர்" என்பார்கள். அது தளர்ந்தால் சுருள் உரசும்.

பெட்டியில் போட்ட வாட் எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் பலர். கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட ஒலியாவது அரிது. மீதி எல்லாம் சூடு! சுருள் கருகுவது அதனால்தான். காகிதக் குழலில் சுற்றிய சுருளை விட, அலுமினியக் குழலில் சுற்றியது சூட்டைத் தாங்கும்.

ஜென்சன் காலத்துக் காந்தத்துக்குத் தனியாக பாட்டரி வேண்டியிருந்தது. பின்னால் பெரைட் காந்தம் வந்தது. 1980-களில் நியோடைமியம் வந்தது. அது உருவில் சிறியது, பலத்தில் பெரியது. ஆனால் கொதிக்கும் சூட்டில் பலம் இழக்கும்.

வீரர் பட்டம்

1940-களில் ஜென்சன் மூன்றாவதாக ஒரு கம்பெனி தொடங்கி, கிராமபோன் ஊசிகள் செய்தார். 1956-ல் டென்மார்க் மன்னர் ஒன்பதாம் பிரடெரிக் அவருக்கு வீரர் பட்டம் அளித்தார். தீவை விட்டுப் புறப்பட்டவருக்குத் தாய்நாடு செய்த மரியாதை அது.

1961-ம் ஆண்டு, தமது 75-வது வயதில், ஜென்சன் அமெரிக்காவில் காலமானார். ஜென்சன் என்ற பெயருள்ள கிட்டார் ஒலிபெருக்கிகள் இன்று இத்தாலியில் தயாராகின்றன. அவற்றில் பலவற்றுக்கு இன்றும் காகிதக் கூம்புதான்.