பயிலும் கைகளும் நோயாளியின் மனமும்

சென்ற வருடம் என் உம்மம்மா வாட்டில் இருந்தபோது, அவருக்கு ஊசி ஏற்ற வந்தவர் ஒரு பயிலுநர் தாதி. நரம்பு கிடைக்காமல் இரண்டு தரம் குத்தினார். உம்மம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அன்றிரவு தலையணையைச் சரிசெய்து, பக்கத்தில் நின்று கதை கேட்டவரும் அவரேதான். மறுநாள் உம்மம்மா அந்தப் பிள்ளையைத்தான் தேடினார். அதன் பிறகே நான் புளோரன்ஸ் நைட்டிங்கேலின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன்.

1820 மே 12 இல், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தாதித் தொழில் இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. தாயும் சகோதரியும் எதிர்த்தனர். பல வருடங்கள் பொறுத்திருந்து, 1851 இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றார். ஆம், அவரும் ஒரு நாள் பயிலுநராகவே இருந்தார்.

1854 இல் கிரிமியப் போரின்போது, 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கு காயங்களைவிட நோய்களே அதிக உயிர்களைப் பறித்தன. இரவில் விளக்கேந்தி நடந்த அவரை நாம் அறிவோம். ஆனால் 1855 இல் கடும் காய்ச்சலால் வீழ்ந்ததையும், நாடு திரும்பியபின் நெடுங்காலம் நோயாளியாகவே கழித்ததையும் பலர் அறியார்.

கட்டிலருகே நின்றவரும் கட்டிலில் கிடந்தவரும் அவரே. அதனால்தான் தாதிமை பற்றிய தமது நூலில் நோயாளியின் மனதை அவரால் விளக்க முடிந்தது. அறை வாசலில் குசுகுசுப்பது நோயாளியை வதைக்கும். கட்டிலில் சாயவோ அதை அசைக்கவோ கூடாது. அவர் தலையைத் திருப்பாமலே பார்க்கக்கூடிய இடத்தில் அமர்ந்து பேச வேண்டும். முதல் தூக்கத்தைக் கலைக்கவே கூடாது. இவையெல்லாம் அந்த நூலில் உள்ள பாடங்கள்.

1860 இல், மக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஆரம்பமானது. பயிலுநர்கள் வாட்டுகளிலேயே ஒரு வருடம் பயின்றனர். அவர்களது வேலைத்திறன் மட்டுமன்றி நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, தூய்மை என்பனவும் பதியப்பட்டன. 1910 ஓகஸ்ட் 13 இல், தமது 90 ஆவது வயதில் அவர் காலமானார்.

பயிலுநர் யாரோ ஒருவரின் உடலில்தான் பழக வேண்டியிருக்கிறது. அந்த யாரோ ஒருவர் இன்னொருவரின் உம்மம்மா. கைப்பழக்கம் வர நாளெடுக்கும். கனிவையும் கவனத்தையும் முதல் நாளிலேயே கொடுக்கலாம். நாளை தாதியாகப் போகும் சகோதரிகளே, இதை மறவாதீர்கள். நோயாளியாகப் படுக்கப் போகும் நாமும் அந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பொறுமை காட்டுவோம்.