சொற்களுக்கு வீடு வகுத்த வைத்தியர்

ஆங்கிலத்தில் ‘லைற்’ என்றொரு சொல் உண்டு. அம்மொழியைக் கற்கத் தொடங்கிய சிறுவனும் அறிந்த சொல் அது. ஒளி என்பது அதன் பொருள். பாரமின்மையும் அதன் பொருளே. நிறம் வெளிறியிருத்தல், தீ மூட்டுதல், பறவை கிளையில் வந்து இறங்குதல் ஆகியனவும் அச்சொல்லாலேயே சுட்டப்படும். அகராதி செய்வோன் எழுத்தொழுங்கையே நோக்குதலின் இவை யாவற்றையும் ஓரிடத்திற் குவித்துவிடுகிறான். பெயர் ஒன்றாயிருத்தல் பற்றி, உறவில்லாத ஐவரை ஒரு வீட்டிற் குடியிருத்தியது போலாம் இது. இவ்வாறன்றி, பொருளால் உறவுடைய சொற்களையே ஒரு வீட்டிற் கூட்டிவைத்தல் வேண்டும் என்று கருதி, அக்கருத்தை எழுபத்து மூன்றாம் வயதில் நிறைவேற்றியவர் பீற்றர் மார்க் றோஜே. அவர் மொழிநூற் புலவரல்லர்; வைத்தியர்.

றோஜே 1779ஆம் ஆண்டு தை மாதம் 18ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் ஜெனீவாவிலிருந்து வந்த பிரெஞ்சுத் திருச்சபைப் போதகர். மைந்தனுக்கு நான்கு வயதாகும்போதே கயரோகத்தால் அவர் மாண்டார். கைம்பெண்ணாகிய தாயார் ஓரூரிலும் நிலைத்திராது பிள்ளைகளுடன் இடம் மாறிக்கொண்டேயிருந்தார். எட்டு வயதளவில் அச்சிறுவன் ஒரு குறிப்பேட்டிற் சொற்களை இனம் இனமாக எழுதத் தொடங்கினான். வீடு நிலையாதிருந்த பிள்ளைக்கு அந்த ஏடு ஒரு வீடாயிற்றுப் போலும்.

பதினான்காம் வயதில் எடின்பரோப் பல்கலைக் கழகம் புகுந்து, பத்தொன்பதாம் வயதிலே வைத்தியப் பட்டம் பெற்றார். இளைஞராதலின் நோயாளர் நாடிவரவில்லை. பிறிஸ்ரல் நகரில் ஹம்பிறி டேவி முதலியோர் சிரிப்பூட்டும் வாயுவை ஆராய்ந்தபோது அதனைத் தாமும் சுவாசித்துப் பார்த்தார். உணவைக் குளிரிற் பேணும் அறையொன்று அமைக்க முயன்ற பெந்தாமுக்குச் சிலகாலம் உதவினார். பின்னர் மன்செஸ்ரர் ஆலை முதலாளி ஒருவரின் மைந்தர் இருவருக்கு ஆசானாகி அவர்களுடன் ஐரோப்பா சென்றார். 1803இல் மீண்டும் போர் மூண்டது. பிரெஞ்சு மண்ணிலிருந்த ஆங்கிலேயரைச் சிறைப்படுத்துமாறு நெப்போலியன் ஆணையிட்டான். ஜெனீவாவோ அன்று பிரான்சின் வசம். தந்தை வழியால் தாமும் ஜெனீவாக் குடிமகனே என்று நிறுவிய றோஜே, மாணவர் இருவரையும் அழைத்துக்கொண்டு, வழியில் ஆங்கிலம் பேசாது எல்லை கடந்து தப்பினார். ஆங்கிலச் சொற்களுக்கே வாழ்நாளைக் கொடுத்தவர் அம்மொழியை மறைத்து உயிர் பிழைத்தமை நினைந்து வியத்தற்குரியது.

மன்செஸ்ரர் வைத்தியசாலையிற் பணியேற்ற பின், 1805இல், தம் எழுத்துக்கும் விரிவுரைக்கும் துணையாகச் சொற்றொகுதி ஒன்றை வகைப்படுத்தி எழுதி முடித்தார். அதனை எவருக்கும் காட்டாது, ஏறக்குறைய அரை நூற்றாண்டு தம் மேசையிலேயே வைத்துப் பயன்கொண்டார்.

இலண்டன் வாழ்வு புகழ் நிறைந்தது. கணிப்புச் சட்டம் ஒன்றைப் புதுக்கியமைத்து, 1815இல் றோயல் சங்க உறுப்பினரானார்; பின்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் அதன் செயலாளராயிருந்தார். செங்குத்து இடைவெளிகளினூடே நோக்கும்போது உருளும் சக்கரத்தின் ஆரங்கள் வளைந்து தோன்றுவதேன் என்று 1824இல் அவர் ஆராய்ந்ததைச் சினிமாவின் வரலாற்றாசிரியர் இன்றும் குறிப்பிடுவர். ஆயின் இல்லத்துள்ளே இருள் அகலவில்லை. தந்தையினிடத்து நின்று அவரைப் பேணிய தாய்மாமனார் சாமுவேல் றொமிலி, மனைவியை இழந்த துயர் தாங்காது 1818இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனைவி மேரி 1833இற் புற்றுநோயால் மறைந்தார். தாயார் முதுமையிற் சித்தங் கலங்கினார். கலங்காத ஒழுங்கை அவர் சொற்களிடையே தேடியதற்கு இத்துயர்களே காரணம் என்பாருளர். முழுதும் அவ்வாறு கொள்ள யாம் துணியோம். குறிப்பேடு தொடங்கிய சிறுவனுக்கு இத்துயர்களுட் பெரும்பாலன இன்னும் நேர்ந்திலவே.

பதவி துறந்தபின், 1849இற் பழைய ஏட்டை எடுத்து விரிக்கலானார். 1852இல் ‘தெசோறஸ்’ வெளிவந்தது. பெயரின் பொருள் கருவூலம். தொடர்பு, இடம், சடம், அறிவு, இச்சை, உணர்ச்சி என ஆறு பெரும்பிரிவு. அவற்றுள் ஆயிரம் தலைப்பு. முதலாவது தலைப்பு இருத்தல், ஆயிரமாவது கோயில். ஒன்றற்கொன்று மறுதலையானவை எதிரெதிர்ப் பத்தியில் நிற்கும். ‘லைற்’ என்னுஞ் சொல்லின் ஒளிப்பொருள் இருளுக்கு எதிரே நிற்க, பாரமின்மைப் பொருள் பாரத்துக்கு எதிரே சென்று அமர்ந்தது.

நிகண்டு கற்றார்க்கு இது புதுமையன்று. தேவப்பெயர் முதலாகப் பன்னிரு தொகுதி வகுத்த திவாகரம், ஒருசொற் பல்பொருளுக்கெனத் தனித்தொகுதியே கண்டது. திவாகரத்தை றோஜே குறிப்பிட்டிலர். ஆயினும் வடமொழி அமரகோசத்தைக் கோல்புறூக்கின் ஆங்கிலப் பதிப்பு வாயிலாக அறிந்து, தம் முன்னுரையின் அடிக்குறிப்பில் அதனைச் சுட்டியுள்ளார். பாராட்டி அன்று, மனத்தின் தொழில்களையும் பண்புகளையும் உணர்த்தும் சொற்கள் அதில் ஒழுங்குபட வகுக்கப்படவில்லை என்பதே அவர் தீர்ப்பு. மனப்பாடத்துக்கென யாத்த செய்யுளைத் தத்துவ அட்டவணை கொண்டு அளந்தமை சற்றுக் கடுமையே.

அவரை ஒருபொருட் பன்மொழிகளைத் தொகுத்தவர் என்கிறோம். அவரோ முற்றும் ஒத்த பொருளுடைய இரு சொற்கள் அரிதினும் அரிது எனக் கருதியவர். அருகருகே சொற்களை நிறுத்தியது ஒன்றற்குப் பதில் மற்றொன்றை இடுதற்கன்று. அவற்றிடையேயுள்ள நுண்ணிய வேற்றுமையைக் கண்டு, கருத்துக்கு உரியதைத் தேர்தற்கே. நம் மாணவர் சிலர், எளிய சொல் எழுதியது போதாதென்று இந்நூலைப் புரட்டி, கனத்த சொல் ஒன்றை எடுத்துப் பொருத்தும்போது, ஆசிரியன் விரும்பியதற்கு நேர்மாறாகவே ஒழுகுகின்றனர்.

அவர் பெரிதும் மதித்த ஆறு பிரிவுகளையும் வாசகர் பொருட்படுத்தவில்லை. நூலின் இறுதியில் உதவிக்கெனச் சேர்த்த அகரவரிசைச் சுட்டியையே நாடினர். எழுத்தொழுங்கை விலக்கப் பிறந்த நூலுக்கு எழுத்தொழுங்கே வாயிலாயிற்று. நூலோ பதிப்பின்மேற் பதிப்பாகப் பெருகியது. ஓரங்களிற் புதுச்சொற்களைக் குறித்துக்கொண்டே முதுமை கழித்த றோஜே, 1869 புரட்டாதி 12ஆந் திகதி, மேற்கு மல்வேணில், தொண்ணூறாம் வயதிற் காலமானார். மைந்தர் ஜோன் லூயிஸ் அவ்வோரக் குறிப்புகளைச் சேர்த்து 1879இற் புதுப்பதிப்பு வெளியிட்டபோது, தந்தையாரின் வகுப்புமுறையை அவ்வாறே காத்தார். சுட்டியைப் பெரிதும் விரிவாக்கினார்.